வலை விற்ற வீட்டின் முறை

மாதாகுடியிருப்பு,
முல்லைத்தீவு.
27.01.2025

சிவதர்சினிக்கு,

'அன்பின் தர்சி' என்று தொடங்கித்தான் என் கை பழகியிருக்கிறது. அதை எழுதி, வெட்டிவிட்டு, முழுப் பெயரைப் போடுகிறேன். கோபம் எவ்வளவு என்று இதிலிருந்தே உனக்குத் தெரிந்துவிடும்.

வட்ஸ்அப்பில் உன்னைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனிலும் வராதே. நீ இரண்டு வார்த்தை சிரித்துச் சொல்வாய், நான் இளகிப்போவேன், பிறகு போனை வைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டிருப்பேன். கடிதம் என்றால் நான் நினைத்ததை முழுதாகச் சொல்லலாம். "சரி சரி விடடி" என்று நீ நடுவில் புக ஏலாது.

சனிக்கிழமை மீனவர் சங்கக் கட்டடத்துச் சுவரில் முகத்துவாரத்து இறால் முறைப் பட்டியலை ஒட்டினார்கள். கையால் எழுதியதில்லை, கம்பியூட்டரில் அடித்தது. நீயும் நானும் வகுப்பில் தொடங்கி, உன் ஒபிஸில் நீ முடித்த புரோகிராம் போட்ட முதற் பட்டியல். நான் பெருமை தாங்க ஏலாமல் அம்மாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தேன். அம்மாவின் பெயர் வரவில்லை. கண் தவறிவிட்டதாக்கும் என்று கீழிருந்து மேலே வாசித்தேன். மதலேனா என்று ஒரு பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. புருஷனை இழந்த ராஜினி அக்காவின் பெயரும் இல்லை. சங்கத் தலைவர் கிறகோரி, நிறைய வலை வைத்திருக்கிற சம்மாட்டி, அவர் பெயர் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

அம்மா "வா பிள்ளை, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தா. நான் பின்னால் போனேன். சங்கத்தில் உன் ஒபிஸுக்காகக் கதைத்தவள் நான். "என்ர சிநேகிதி வேலை செய்யிற இடம், அவள் நல்லாச் செய்வாள்" என்று தலைவரிடம் பல்லைக் காட்டியவள் நான். அந்தச் சுவரடியில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்தின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்ததைத்தான் திரும்பவும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மறந்தவள் மாதிரி நடந்திருக்கிறாய். களப்பு கடலோடு சேருகிற வாய் ஒடுக்கம். ஓர் இரவில் மூன்று வலைக்கு மேல் கட்ட ஏலாது. அதனால் கரையில் உள்ள வீடுகள் முறை வைத்துப் போகின்றன. முறை வீட்டுக்கு உரியது, வலைக்கு உரியது இல்லை. வலை கிழிந்தாலும், விற்றாலும், வலை கட்ட ஓர் ஆம்பிளை இல்லாமல் போனாலும் அந்த வீட்டு முறை அந்த வீட்டுக்குத்தான். வலை உள்ள ஒருவரைக் கூப்பிட்டு விடுவோம். பிடிபடுவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. அப்பா போன பிறகு எங்கள் குசினியில் அடுப்பு எரிவது அந்தப் பாதியில்.

இதை நான் உனக்குப் பரந்தன் பஸ் தரிப்பிடத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னேன். "அப்ப முறை வீட்டின்ர சொத்து, வலையின்ர சொத்தில்ல" என்று நீயே உன் வாயால் சொன்னாய். கிளிநொச்சிக் கம்பியூட்டர் வகுப்பில் முதற் கிழமை கோகுலன் சேர், கிளாஸ் எண்டால் வீட்டுப் பிளான், ஒப்ஜெக்ட் எண்டால் அதைப் பாத்துக் கட்டின வீடு என்று சொன்னபோது எனக்கு மண்டைக்குள் ஏறவேயில்லை. நீதான், "உங்கட வீட்டுத்திட்டத்தை நினைச்சுப் பாரடி. ஒரே பிளான், ஆனா ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் வேற வேற சண்டை" என்றாய். அதற்குப் பிறகுதான் ஜாவா எனக்கு விளங்கத் தொடங்கியது. அவ்வளவு நன்றாக விளக்கத் தெரிந்தவளுக்கு எங்கள் கரையின் ஒரேயொரு சட்டம் எப்படி மறந்துபோகும்?

பிழை நடந்ததென்றால் பிழை என்று எழுது. வேறு ஏதாவது என்றால் அதையும் எழுது.

டிலுசா

*

வவுனியா
02.02.2025

அன்பின் டிலுசா,

நீ வெட்டினாலும் நான் 'அன்பின்' என்றுதான் எழுதுவேன். கடிதம் எழுதி எத்தனை காலம்! முத்திரை வாங்கப் போனால் தபால் கந்தோரில் இருந்த அக்கா என்னை ஏதோ வெளிநாட்டுக்காரியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தா.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மதலேனா மாமிக்கு முறை வராமல் போகட்டும் என்று நான் நினைப்பேனா? யோசித்துப் பார்த்தேன். எங்கே பிழை விட்டேன் என்று இப்போது விளங்குகிறது. சொல்கிறேன், கோபப்படாமல் வாசி.

நான் முறையை வலை என்கிற கிளாஸுக்குள் வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. பரந்தனில் வாய்க்கால் தண்ணீர் முறை காணிக்குத்தான், ஆளுக்கில்லை. அப்பா பக்கத்துக் காணியை வாங்கினபோது தண்ணீர் முறையும் கூடவே வந்தது. விற்றவர் கேட்கவுமில்லை, நாங்கள் கொடுக்கவுமில்லை, அது அப்படித்தான். வயலில் வளர்ந்தவள் மூளை அப்படித்தான் ஓடும். காணியின் இடத்தில் வலையை வைத்தேன். உங்கள் வலை கிறகோரி மாமாவுக்குக் கைமாறியது, முறையும் வலையோடு அவரிடம் போய்விட்டது. கம்பியூட்டருக்குக் கண்ணீர் தெரியாது, சொன்னதைச் செய்யும். பிழை என்னுடையது, ஆனால் வேண்டுமென்று செய்த பிழை இல்லை.

திருத்துவது பெரிய வேலையில்லை. ஆனால் புரோகிராம் இப்போது ஒபிஸுடையது. பொஸ்ஸிடம் கேட்டு, சங்கத்திலிருந்து எழுத்தில் வந்தால்தான் கைவைக்கலாம். கொஞ்சம் பொறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீ மட்டும்தான் கோபப்படலாமா? வகுப்பை விட்டு நீ ஒரு சொல் சொல்லாமல் நின்றுவிட்டாய். உன் அப்பாவின் அந்தியேட்டி... மன்னித்துக்கொள், உங்களில் அப்படிச் சொல்வதில்லை. முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகும் நீ வரவில்லை. எத்தனை தரம் போன் எடுத்தேன்! கடைசி நாள் எல்லோர் முன்னாலும் நான் தனியாக நின்று எங்கள் புரோகிராமைக் காட்டினேன். "உம்மட மற்ற ஆள் எங்க?" என்று கோகுலன் சேர் கேட்டார். "வருவா சேர்" என்று சொன்னேன். நீ வரவில்லை. அன்றைக்கு நான் எவ்வளவு அவமானப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது.

தடுத்ததை எடுத்துவிடடி. சிரிக்கமாட்டேன், சத்தியம்.

அன்புடன்,
தர்சி

*

மாதாகுடியிருப்பு
16.02.2025

தர்சினி,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை முதலில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிறகு நடந்தது உனக்கு விளங்கும். "பாத்தியளோ அம்மா, அவள் வயல்காரி, தண்ணி மாதிரி நினைச்சிட்டாள்" என்று சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தா. வகுப்புக்கு வராததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அதை இன்றைக்கு அடுப்புக்குள் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். கிறகோரி மாமா கதிரையில் சாய்ந்திருந்து முழுவதையும் கேட்டார். நான் தண்ணீர் முறை, காணி முறை என்று விளக்கி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்:

"பிள்ளை, அது பிழையில்ல. உன்ர சிநேகிதி போன கார்த்திகையில இஞ்ச வந்தவள். வீட்டுக்கு ஒரு முறை எண்டு போட்டுக்கொண்டு வந்து காட்டினவள். நான்தான் சொன்னனான், வலை இல்லாத ஆக்களுக்கு என்னத்துக்கு முறை, வலைக்குப் போடு எண்டு. அந்தப் பிள்ளை 'ஓம் மாமா, மாத்தலாம்' எண்டு இந்த மேசையில இருந்தே மாத்தினது. சோடாவும் குடிச்சிட்டுத்தான் போனது."

தர்சினி, நீ எங்கள் ஊருக்கு வந்திருக்கிறாய். சங்கத்துக்கு வருகிற ஒழுங்கை எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டித்தான் வரும், வேறு பாதை கிடையாது. படலையைத் தாண்டிப் போய், சங்கத்தில் இருந்து, அம்மாவின் முறையை எடுத்து அந்த மனுஷனுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பவும் படலையைத் தாண்டிப் போயிருக்கிறாய். அதற்குப் பிறகு எனக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினாய், பலூன் பறக்கிற படத்தோடு. நான் உனக்கு இதயம் போட்டுப் பதில் அனுப்பினேன்.

மறந்தாய் என்று நினைத்தபோது கோபம்தான் இருந்தது. இப்போது கோபத்தைக்கூடக் காணவில்லை. காணி, தண்ணீர், வயல்காரி மூளை என்று எவ்வளவு அழகாகக் கதை கட்டினாய்! உன் அப்பாவையும் வாய்க்காலையும் பொய்க்குச் சாட்சிக்கு இழுத்தாய். நான் அதை நம்பி, உனக்காகக் கிறகோரி மாமாவிடம் வக்காலத்து வாங்கப் போனேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை உனக்குத்தான் எழுதித் தரவேண்டும்.

வலைக்கு முறை என்றால் யாருக்கு இலாபம் என்று உனக்குத் தெரியாதா? இருக்கிற வலையெல்லாம் வாங்கி வைத்திருப்பவருக்கு. எங்கள் வலையை வாங்கியவரும் அவர்தான்.

முதலில் எழுதிய புரோகிராமை, வீட்டுக்கு முறை வைத்த அதை, எனக்கு அனுப்பு. அதில் பாதி என்னுடையது. பங்குச் சுவாமி ஒரு பழைய லப்டொப் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

டிலுசா

*

வவுனியா
23.02.2025

டிலுசா,

ஓம். வந்தேன். மாற்றினேன்.

இதற்கு மேல் என்ன எழுதினாலும் சாட்டு என்பாய். எண்டாலும் எழுதுகிறேன்.

அது எனக்கு ஒபிஸில் கிடைத்த முதல் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பொஸ் பக்கத்தில் இருந்தார். கிறகோரி மாமா "வலைக்குப் போடு" என்றபோது நான் கேட்டேன், "மாமா, வலை இல்லாத வீடுகள் என்ன செய்யும்?" என்று. கேட்கவில்லை என்று நினைக்காதே. "அதெல்லாம் நாங்கள் சங்கத்தில கதைச்சு முடிவெடுத்தது" என்றார். பொஸ் என் காலை மேசைக்குக் கீழே தட்டினார். வெளியில் வந்த பிறகு, "நீர் புரோகிராம் எழுத வந்தனீரா, பஞ்சாயத்துப் பண்ண வந்தனீரா?" என்று கேட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? மேசையைக் குத்தி எழும்பி வந்திருக்க வேண்டுமா? எழும்பி வந்தால் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? எங்கள் வகுப்பில் படித்தவர்களில் கம்பியூட்டர் வேலை கிடைத்தது எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் துணிக்கடையிலும் வங்கிக் கவுண்டரிலும் நிற்கிறார்கள்.

உங்கள் படலையடியில் ஒபிஸ் வான் மெதுவாகத்தான் போனது, பாதையில் பள்ளம். மதலேனா மாமி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. நிமிர்ந்து வானைப் பார்த்தா. நான் தலையைக் குனிந்து போனைப் பார்த்தேன்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வலையை விற்றதை நீ எனக்குச் சொன்னாயா? கிறகோரி மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்பாவின் வருத்தத்துக்கு, மருந்துச் செலவுக்கு என்று விற்றீர்களாம். வகுப்பில் ஒரே கதிரையில் நெருங்கி இருந்து, ஒரு பார்சல் சோற்றை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். "வலை இல்லாத வீடு" என்று நீ சட்டம் சொன்னாயே தவிர, அது எங்கள் வீடு என்று சொல்லவில்லை. பெருமை பிடித்தவள் நீ. சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனோ என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

தண்ணீர் முறை பொய்யில்லை. எங்கள் வாய்க்காலில் அப்படித்தான். அதைச் சாட்டாகச் சொன்னதுதான் பொய்.

புரோகிராம் அனுப்ப ஏலாது. ஒபிஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தர்சி

*

மாதாகுடியிருப்பு
14.03.2025

தர்சினி,

தவக்காலம். சுவாமி பிரசங்கத்தில் மன்னிப்பு, மன்னிப்பு என்று சொல்கிறார். நான் கோவிலில் முன் வாங்கில் இருந்து மனதுக்குள் "மாட்டேன், மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை முதலில் தெரிந்துகொள், கீழே நான் கேட்கப்போவதைப் பார்த்து நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்காதே.

நீ தராவிட்டால் போ என்று நானே எழுதத் தொடங்கினேன். சுவாமியின் லப்டொப் சூடேறினால் நின்றுவிடும், பக்கத்தில் மின்விசிறியை வைத்துக்கொண்டிருப்பேன். 'வணக்கம்' என்று ஒரு சொல்லைத் திரையில் வரவைக்க ஒரு மத்தியானம் முழுவதும் போனது. முதலில் அரைப்புள்ளி போட மறந்தேன். பிறகு கிளாஸுக்கு ஒரு பெயரும் ஃபைலுக்கு இன்னொரு பெயரும் வைத்தேன். அதையும் திருத்தினால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று அடுத்த சண்டை. ஜாவா மாதிரி ஒரு மாமியார் வாய்த்தால் எந்தப் பெண்ணும் ஓடிப்போவாள். வணக்கம் வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு நேரமும் இதுக்கோ?" என்றா.

பிறகு பிடிபட்டுவிட்டது. உன் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, அதுதான் எரிச்சல். 'வீடு' என்று ஒரு கிளாஸ். அதற்குள் குடும்பத்தின் பெயரும் முறையும். முறையை வெளியிலிருந்து ஒருவரும் தொட ஏலாதபடி பூட்டிவிட்டேன். 'வலை' தனி கிளாஸ். வலை இருக்கிற வீட்டோடு வலையை இணைத்தேன். கரையில் உள்ள வீடெல்லாம் போட்டு ஓட்டினேன். பொன்னையா அண்ணை வந்தார், அவர் வலை வந்தது. அப்புத்துரை அண்ணை வந்தார், அவர் வலை வந்தது. அடுத்தது அம்மாவின் பெயர். அந்த இடத்தில் சிவப்பு எழுத்தாகக் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. ராஜினி அக்காவை முன்னுக்குப் போட்டுப் பார்த்தேன். அவவிடமும் விழுகிறது. வலை உள்ள வீடுகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

உன் புரோகிராமாவது அம்மாவைக் காணாதது மாதிரிப் போய்விட்டது. என்னுடையது அம்மாவைக் கண்டதும் செத்துவிடுகிறது. நான் லப்டொப்பை மூடிவிட்டு அழுதேன். யூரியூப்பில் தேடினேன், அவன் ரயில் பிடிக்கப் போகிறவன் மாதிரி இங்கிலீஸில் கதைக்கிறான். கோகுலன் சேர் கட்டாருக்குப் போய்விட்டார்.

முப்பதாம் திகதி ஞாயிறு பூசை முடியச் சங்கக் கூட்டம். அங்கே இதைக் காட்டி, வீட்டுக்கு முறை வைத்தும் பட்டியல் போடலாம் என்று நிரூபிக்க வேண்டும். கம்பியூட்டரில் வீட்டுக்குப் போட ஏலாதாம், வலைக்குத்தான் போடலாமாம். கிறகோரி மாமா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். சனம் நம்புகிறது. அன்றைக்கு விட்டால் இந்த இறால் காலம் முழுவதும் எங்களுக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கரையில் ஜாவா தெரிந்தவர் ஒருவரும் இல்லை. உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை. அந்தக் கொடுமையை நீ விளங்கிக்கொள். ஏன் விழுகிறது என்று மட்டும் எழுது. நலம் விசாரிக்க வேண்டாம்.

டிலுசா

*

வவுனியா
19.03.2025

டிலுசா,

நலம் விசாரிக்கவில்லை.

அம்மாவின் வீட்டுக்கு வலை இல்லை. ஆனால் உன் புரோகிராம் எல்லா வீட்டிடமும் போய், "உன் வலையின் பெயர் என்ன?" என்று கேட்கிறது. இல்லாத ஒன்றிடம் பெயர் கேட்டால் ஜாவா விழுந்துவிடும். எல்லோரும் முதன்முதலில் செய்கிற பிழை, நானும் செய்தேன். பெயரைக் கேட்க முன் வலை இருக்கிறதா என்று கேள். இருந்தால் பெயரைப் போடு. இல்லாவிட்டால் அந்த இடத்தில் கூப்பிட்டு வருகிறவரின் பெயரைப் போடு. எழுத வேண்டிய வரிகளை மற்றத் தாளில் எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறிகளைப் பார்த்துப் போடு, திறந்ததையெல்லாம் மூடு.

முறையைப் பூட்டி வைத்தாய் என்று வாசித்தபோது எனக்குத் தெரியாமலே "அடி சக்கை" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பெடியன் திரும்பிப் பார்த்தான். நான் அப்படி வைக்கவில்லை. வைத்திருந்தால் சோடா குடித்து முடிகிற நேரத்தில் மாற்றியிருக்க ஏலாது.

கூட்டத்துக்கு எங்கள் ஒபிஸையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் பொஸ்ஸும் வருவோம். நான் எழும்பிச் சொல்கிறேன், வீட்டுக்கு முறை போடலாம், முதலில் நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் எழுதினோம், சங்கத்தில் கேட்டபடியால்தான் மாற்றினேன் என்று. நீ நம்பமாட்டாய். புளியம்பொக்கணை நாகதம்பிரான் மேல் சத்தியம். அந்தச் சத்தியத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை, உனக்குத் தெரியும்.

தர்சி

*

வவுனியா
02.04.2025

டிலுசா,

நீ எழுதமாட்டாய். அதனால் நானே எழுதுகிறேன்.

உன் புரோகிராம் நன்றாக ஓடியது. மதலேனா மாமியின் பெயர் திரையில் வந்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. அப்போதே எழும்பியிருக்க வேண்டும். எழும்பத்தான் இருந்தேன். அதற்குள் கிறகோரி மாமா என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டார், "தங்கச்சி, நீர் படிச்சனீர், சொல்லும். இதை நம்பலாமோ?" என்று. பொஸ் என் பக்கம் திரும்பினார். ஒபிஸின் பெயர் போட்ட சேர்ட் போட்டுக்கொண்டு நூறு பேருக்கு முன்னால் இருக்கிறேன். நான் சொன்னது, "இது படிக்கிற பிள்ளை எழுதினது. உத்தரவாதம் தர ஏலாது." அவ்வளவுதான். பிழை இருக்கிறது என்று சொல்லவில்லையே. உலகத்தில் எந்தப் புரோகிராமுக்கும் முழு உத்தரவாதம் தர ஏலாது, அது உண்மைதானே?

நீ என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். லப்டொப்பை மூடி, வயரைச் சுற்றி, பைக்குள் வைத்தாய். நாங்கள் உடனே வெளிக்கிட்டுவிட்டோம், பொஸ்ஸுக்கு மல்லாவியில் இன்னொரு அலுவல்.

இன்றைக்குக் கிறகோரி மாமா ஒபிஸுக்குப் போன் எடுத்தாராம். இனிக் கம்பியூட்டர் பட்டியல் வேண்டாமாம், வீட்டு முறையே இருக்கட்டுமாம். என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எண்டாலும் மாமிக்கு முறை கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

போன கிழமை என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

ஒரு சொல்லாவது எழுது.

தர்சி

*

மாதாகுடியிருப்பு
11.04.2025

சிவதர்சினிக்கு,

ஒரு சொல் கேட்டாய். நிறையவே எழுதுகிறேன், கடைசியாக எழுதுவதால்.

உங்கள் வான் போன பிறகு சனம் எழும்பத் தொடங்கியது. "படிச்ச பிள்ளையே சொல்லிப்போட்டுது" என்று ஆளுக்காள் சொன்னார்கள். கிறகோரி மாமா கொப்பியை மூடினார். அப்போது அம்மா எழும்பினா. அம்மா சங்கத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"கிறகோரி, கம்பியூட்டர் கிடக்கட்டும். அது ஆற்ர பக்கம் எண்டு எனக்குத் தெரியாது. நீ என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு, மதலேனா உனக்கு முறை இல்லையெண்டு. சொன்னா நான் இப்பவே போறன்."

அவர் பட்டியலைக் காட்டினார். "தாளைக் காட்டாத. நீ சொல்லு" என்றா அம்மா. அவர் கொப்பியைத் திரும்பவும் திறந்து பக்கங்களைப் புரட்டினார். அம்மா அப்புத்துரை அண்ணையின் முன்னால் போய் நின்றா. "நீ சொல்லு." அவர் நிலத்தைப் பார்த்தார். அடுத்தவர், அடுத்தவர் என்று வரிசையாகப் போனா. எல்லோரும் அப்பாவோடு தொழிலுக்குப் போனவர்கள். ஒருவர் வாயிலும் அது வரவில்லை. சுவரில் ஒட்டினபோது பேசாமல் நின்ற அதே ஆட்கள்தான். ஒரு தாள் சொன்னால் தாங்கள் சொன்னதாக இல்லை என்று நினைத்திருந்தார்கள் போல. கடைசியில் பொன்னையா அண்ணை போய் அந்தப் பட்டியலைக் கிழித்தார். ராஜினி அக்கா பெரிதாக அழுதா.

ஆக, என் புரோகிராமும் வெல்லவில்லை, உன்னுடையதும் வெல்லவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கவலைதான், ஒளிக்கவில்லை. நான் படித்ததை நான் விடப்போவதில்லை. உன் உதவியில்லாமல் இன்னொரு கிளாஸும் எழுதிவிட்டேன்.

நீ நாகதம்பிரான் மேல் சத்தியம் செய்தாய். அதை நான் நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்தேன். ஆனால் அந்த மனுஷன் உன்னைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்ப எழும்புவாள், இப்பச் சொல்லுவாள் என்று. அவ்வளவு நடந்த பிறகும் நம்பியிருக்கிறேன். உன்னைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் முறை போன கிழமை வந்தது. பொன்னையா அண்ணை வலை கொண்டுவந்தார். நல்ல இறால். அம்மா கொஞ்சத்தை ஐஸ் போட்டு வாளியில் வைத்து, உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்றா. "அவள் செய்தது எனக்கும் தெரியும். எண்டாலும் அவளின்ர தாய் உன்னை எத்தினை நாள் சாப்பிட வைச்சு அனுப்பினவா" என்றா. வெள்ளிக்கிழமையில்லை என்று பார்த்து, புதன்கிழமை பரந்தனுக்குக் கொண்டுபோனேன்.

இராசமலர் அன்ரி என்னைக் கட்டிப்பிடித்தா. மெலிந்துபோனேனாம். கதிரையில் இருத்திவிட்டு, சந்தோஷத்தில் கண் கலங்கச் சொன்னா: "தர்சி எல்லாம் சொன்னவள் பிள்ளை. அம்மான்ர முறையைப் பறிக்கப் பாத்தவங்களாம், தான் கூட்டத்தில எழும்பி நிண்டு, சண்டை பிடிச்சு வாங்கிக் குடுத்ததாம். அவளை இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிச்சதுக்கு எனக்கு இது காணும்."

உன் அப்பாவும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் "ஓம் அன்ரி" என்று சொன்னேன்.

அவவின் முகத்துக்காகச் சொன்னேன், உனக்காக இல்லை. அவா நான் கொண்டுபோன இறாலிலேயே குழம்பு வைத்துத் தந்தா. முழுவதையும் சாப்பிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது, இனி அந்த வீட்டுக்கும் நான் போக ஏலாது.

அவவுக்கு உண்மையை நீ போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டேன்.

டிலுசா